ஒரு பட்டுப்பாயின் ஐம்பத்து நான்கு நாள்கள்

2024 ஆவணியில் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம் நிச்சயமாயிற்று. மணமக்களின் பெயரும் மணநாளும் நெய்த பத்தமடைப் பட்டுப்பாய் ஒன்றைச் சீரில் வைக்க வேண்டும் என்று பெண்ணின் தாத்தா விரும்பினார். அதற்கான பொறுப்பு என்னிடம் வந்தது. மார்கழி பிறக்கும்முன் கைக்கு வர வேண்டிய பாய், தை பிறந்த பிறகுதான் வந்தது. கேட்ட நூல் வேறு, வந்த நூல் வேறு. பேசிய தொகை மட்டும் பேசியபடியே இருந்தது. இந்த மூன்றுக்கும் காரணம் தேடி, அந்தப் பாய் கோரையாக இருந்த நாளிலிருந்து கரை முடிந்த நாள் வரை ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். அந்தக் குறிப்புகளே இந்த ஆய்வுக்கு ஆதாரம். நெய்தவர்கள் பத்தமடையில் ஒரு தாயும் மகளும். அவர்கள் விருப்பப்படி பெயர்களைச் சொல்லவில்லை.

பத்தமடை திருநெல்வேலிக்கு மேற்கே இருபது கிலோமீட்டருக்குள், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது. தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும் தண்ணீர் தரும் வயல்நாடு அது. பாய் நெசவு இங்கே பெரும்பாலும் இஸ்லாமியக் குடும்பங்களின் தொழில். நெய்பவர்களில் பெண்களே மிகுதி. சாதாரணப் பாய், நடுத்தரப் பாய், பட்டுப்பாய் என்று தரம் பிரிப்பார்கள். பட்டுப்பாய் என்பது பளபளப்பால் வந்த பெயர்; பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டும் நூல், பெரும்பாலும் பருத்திதான், கேட்பவர்களுக்குப் பட்டு நூலிலும் நெய்து கொடுப்பார்கள். கைக்குட்டைபோல மடித்து வைத்துக்கொள்ளலாம் என்று அதைப் பற்றிச் சொல்லப்படுவது வெறும் புகழ்ச்சி அன்று. எங்கள் பாய் இப்போது ஒரு துணிப்பையில் மடித்தபடிதான் இருக்கிறது. 1953இல் இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போனது என்பதை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். புவிசார் குறியீடும் இந்தப் பாய்க்கு உண்டு. இவை எல்லாரும் அறிந்த செய்திகள். ஒரு பாய்க்குள் எத்தனை நாள் வேலை அடங்கியிருக்கிறது என்பது நெய்கிற வீட்டிலேயே முழுதாகக் கணக்கிடப்படுவதில்லை என்பதுதான் நான் அங்கே கண்டுகொண்டது.

கோரை

ஆவணிக் கடைசியில் முன்பணம் கொடுக்கப் போனபோது, வீட்டில் தறி இருந்த இடம் காலியாக இருந்தது. மகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி நூலின் எண்ணைப் பற்றியது. "நூறு போதுமா, நூத்திருபது வேணுமா அண்ணாச்சி?" என்றார். நூத்திருபதுதான் உயர்ந்தது என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்ததால், யோசிக்காமல் நூத்திருபது என்றேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த தாய், "அத கோரை வந்த பொறவு சொல்லுதோம்" என்று மட்டும் சொன்னார். பணம் கொடுப்பவன் நான், நூலைத் தீர்மானிப்பது கோரையா என்று அப்போது எனக்கு லேசான எரிச்சல் இருந்தது.

கோரை ஆற்றங்கரையிலும் நீர் தேங்கும் பள்ளங்களிலும் வளரும், புல்லைப்போன்ற ஒரு தாவரம். மூங்கிலைப்போலவோ கரும்பைப்போலவோ அதற்குத் தண்டில் கணு கிடையாது. அடியிலிருந்து நுனிவரை ஒரே ஓட்டமாக, மூன்று பட்டையாக இருக்கும். கணு இல்லாததால்தான் அதை நீளவாக்கில் தடையில்லாமல் கீற முடிகிறது. வெளித்தோல் பளபளப்பும் உறுதியும் கொண்டது. உள்ளே சோறுபோல மெத்தென்ற வெண்பகுதி இருக்கிறது. சாதாரணப் பாய்க்குத் தண்டை இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்தால் போதும். பட்டுப்பாய்க்குச் சோற்றை முழுவதும் நீக்கிவிட்டு, தோலை மட்டும் ஊசித் தடிமனுக்குக் கீற வேண்டும். பச்சையாக இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும். காய்ந்துவிட்டால் கத்தி போகும் வழியில் கோரை வராது, கோரை போகும் வழியில்தான் கத்தி போகும்.

புரட்டாசியில் அறுத்துவந்த கோரையைக் கீறியது தாய். வயது அறுபதுக்கு மேல். வலது கையில் சிறு கத்தி. இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தண்டைப் பிடிக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கத்தி அடியில் ஒரு முறைதான் கோரையைத் தொடுகிறது; பிறகு பெரும்பாலும் விரல்கள் இழுக்கிற இழுப்பில் தானாகப் பிரிந்துகொண்டே நுனிவரை போகிறது. ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் பிரிவதாகத் தெரிந்தால், தடித்த பக்கத்தைச் சற்று வளைத்துப் பிடிக்கிறார். பிளவு அந்தப் பக்கமாகத் திரும்பி மறுபடி நடுவுக்கு வந்துவிடுகிறது. இதை நான் அரை மணி நேரம் பார்த்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அவரிடம் கேட்டபோது, தான் அப்படிச் செய்வதே தமக்குத் தெரியாது என்றார். நானும் ஒரு தண்டைக் கீறிப் பார்த்தேன். அது பாதி வழியில் பக்கவாட்டில் ஓடிப் பிய்ந்தது. அதை அடுப்பெரிக்கும் குப்பையில் போடச் சொன்னார்கள்.

கீறியவற்றில் ஒரு பகுதி எப்போதும் கழிவாகப் போகும். அந்த ஆண்டு சற்று அதிகமாகவே போயிற்று. உலர்த்தும் நாள்களில் மழை வந்தது. ஒரு கட்டு கறுத்துப் பூஞ்சை பிடித்து, அதற்கு ஈடாக மீண்டும் கோரை வாங்கிக் கீற வேண்டியதாயிற்று. உலர்ந்த கீற்றுகளைப் பிறகு கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போட்டார்கள். தேங்கிய தண்ணீரில் போட்டால் நாற்றமும் கறையும் ஏறும் என்பதால் ஓடுகிற தண்ணீர்தான் வேண்டும். கால்வாயில் தண்ணீர் வரும் காலத்தோடு இந்தத் தொழில் கட்டுண்டிருப்பதற்கு இது ஒரு காரணம். ஊறிய கோரை உப்பி, மெத்தென்று ஆகி, மீண்டும் உலர்ந்ததும் முன்பிருந்த விறைப்பை இழந்துவிடுகிறது. பிறகு தடிமன் பார்த்துப் பொறுக்க வேண்டும். தரையில் வெள்ளைத் துணியை விரித்து, கீற்றுகளை அதன்மேல் பரப்பி, கண்ணால் பார்ப்பதைவிட விரலால் உருட்டிப் பார்த்தே தாயும் மகளும் மூன்று குவியலாகப் பிரித்தார்கள்.

பொறுக்கி முடித்த அன்று எனக்குத் தொலைபேசி வந்தது. நூத்திருபது வேண்டாம், நூறே போடலாம் என்றார் மகள். தரம் குறைகிறதே என்று நான் முணுமுணுத்தேன். அடுத்த வாரம் நேரில் போய்க் கேட்டபோதுதான் விளங்கியது.

நூலும் கோரையும்

பருத்தி நூலின் எண் என்பது, ஒரு பவுண்டு எடை நூலில் 840 கெஜம் நீளமுள்ள சிட்டங்கள் (நூல் சுருணைகள்) எத்தனை அடங்கும் என்ற கணக்கு. எண் கூடக் கூட நூல் மெலியும். நூறாம் எண் நூலில் ஒரு பவுண்டுக்கு 84,000 கெஜம், அதாவது ஏறத்தாழ 77 கிலோமீட்டர் நீளம் வரும். நூத்திருபதில் 1,00,800 கெஜம், ஏறத்தாழ 92 கிலோமீட்டர். பட்டுப்பாய்க்கு நூறிலிருந்து நூற்று நாற்பது வரை பயன்படுத்துவது வழக்கம். பாவு நூல் மெலிந்தால் ஊடாகப் போகும் கோரையும் அதற்கேற்ப மெலிய வேண்டும். தடித்த கோரையை மெல்லிய நூல் அழுத்திப் பிடிக்காது, பாய் நெகிழ்ந்து கீற்றுகள் நழுவும். அந்த ஆண்டு மழையில் அடிபட்ட கோரையை நூத்திருபதுக்கு ஏற்ற அளவுக்குக் கீறினால் பாதி பிய்ந்துபோகிறது என்பதைத் தாயின் விரல்கள் முதல் நாளே கண்டுகொண்டிருந்தன. அப்படியே பிடிவாதமாகக் கீறி நெய்தாலும், ஒரு வருஷத்தில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் முறியும் என்றார். பாயின் நயத்தைக் கடையில் நூல் எண்ணை வைத்து அளக்கிறார்கள். அந்த எண்ணை முடிவு செய்தது திண்ணையில் நடந்த கீறல். இதை அறியாமல், எண் குறைந்தது ஏமாற்று என்று நினைத்தவன் நான்.

சாயத்துக்கு இரண்டு நாள். சிவப்புக்குச் சப்பங்கிக் கட்டையைக் கொதிக்கவைத்த பழைய முறையைத் தாய் அறிவார். இப்போது பெரும்பாலும் கடைச் சாயமே. எங்கள் பாய்க்குச் சிவப்பு மட்டும் கட்டைச் சாயமாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டோம். அந்த விருப்பம் பின்னால் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது.

தறி

தறி என்றால் காஞ்சிபுரத்துத் தறியை நினைக்கக் கூடாது. தரையில் அடித்த முளைகளுக்கு இடையே மூங்கில் கழிகளைக் கட்டி, பாவு நூலைத் தரையிலிருந்து சாண் உயரத்தில் இழுத்துக் கட்டியிருப்பார்கள். நூல் எல்லாம் ஒரு மர அச்சில் துளை ஒன்று, இடுக்கு ஒன்று என்று மாறி மாறிக் கோக்கப்பட்டிருக்கும். அச்சைத் தூக்கினால் ஒரு வரிசை நூல் மேலே, தாழ்த்தினால் கீழே. அந்த இடைவெளியில் நீண்ட குச்சியின் துணையால் ஒருவர் கோரையைச் செருக, மற்றவர் அச்சால் நெருக்கி அடிக்கிறார். மின்சாரம் இல்லை, மிதி இல்லை, குறுக்கே நூல் கொண்டு ஓடும் ஓடம் இல்லை. காலைக் குளிர்ச்சியில் வேலை நன்றாக ஓடும். வெயில் ஏறினால் கோரை விறைத்துவிடுவதால் ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருவரும் தினமும் நான்கு மணி நேரம், சமையலுக்கும் தொழுகைக்கும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளுக்கும் இடையில் நெய்தார்கள். ஒரு அங்குலத்தில் எத்தனை கீற்றுகள் என்று எண்ண முயன்று இரண்டு முறை கணக்கைத் தவறவிட்டேன். மூன்றாம் முறை முயலவில்லை.

எழுத்துதான் இந்தப் பாயின் கடினமான பகுதி. அதற்கான வரைவைக் கட்டம் போட்ட நோட்டில் மகள் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை பாவு நூலைத் தாண்டி நிறக்கோரை மேலே தெரிய வேண்டும், எத்தனைக்கு அடியில் மறைய வேண்டும் என்பது அந்தக் கட்டத்தில் இருக்கிறது. புள்ளிக்கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்; ஆனால் கோலத்தில் கை வளைந்து போகலாம், இங்கே வளைவு என்பதே இல்லை, படிப்படியாக ஏறி இறங்கும் நேர்கோடுகள்தான் தூரத்திலிருந்து வளைவாகத் தெரிகின்றன. ட, ப, ம போன்ற எழுத்துகள் தறிக்கு இயல்பானவை. மணமகளின் பெயர் அப்படி அமைந்தது அவருடைய நல்லூழ். மணமகன் பெயரில் ஒரு ஜகரமும் புள்ளி வைத்த ஒரு ழகரமும் இருந்தன. ழகரத்தின் அடிச்சுழிக்கு மட்டும் மகள் நோட்டில் நான்கு முறை கட்டம் போட்டுப் பார்த்து, மூன்றை அடித்திருந்தார். நூல் நெருக்கமாக இருக்கும்போதுதான் அந்தச் சுழி சுழியாகத் தெரியும். சாதாரணப் பாயில் அதை நெய்தால் ஏணிப்படிபோல இருக்கும். பெயர் நெய்த பாய் ஏன் எப்போதும் உயர்தரப் பாயாகவே இருக்கிறது என்பதற்கு விடை அந்தச் சுழியில் இருந்தது.

இன்னொன்று. நாம் எழுதும்போது எழுத்தை ஒவ்வொன்றாக முடிக்கிறோம். தறியில் ஒரு வரி முழுவதும் ஒரே நேரத்தில் வளர்கிறது: முதலில் எல்லா எழுத்துகளின் அடிக்கோடுகளும், பிறகு உடம்புகளும், கடைசியில் கொம்பும் புள்ளியும். நெய்பவர்கள் பல நாள் எழுத்தின் கால்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிழை நேர்ந்தால் அது பெரும்பாலும் வரி முடியும்போதுதான் கண்ணில் படும்.

பிழை நேர்ந்தது, ஆனால் அவர்களால் அன்று. கார்த்திகைக் கடைசியில் எங்கள் வீட்டாரும் சம்பந்தி வீட்டாரும் கலந்துபேசி, 20-1-2025 என்று வைத்திருந்த நாளை 31-1-2025க்கு மாற்றினார்கள். மண்டபம், சமையல், அழைப்பிதழ் என்று எல்லா இடத்துக்கும் ஆள் அனுப்பிய நாங்கள், பத்தமடைக்குச் சொல்ல ஐந்து நாள் மறந்துபோனோம். நான் போனபோது தேதி வரி முடிந்து, அதற்கு மேல் நான்கு விரற்கடை வெற்றுப்பாயும் நெய்தாகியிருந்தது. இரண்டு இலக்கங்கள்தானே மாற வேண்டும், அந்த இடத்தை மட்டும் பிரித்து மாற்ற முடியாதா என்று கேட்டேன். மகள் பதில் சொல்லாமல் தாயைப் பார்த்தார். "எழுத்த மட்டும் எடுக்க முடியாதுல்லா அண்ணாச்சி. மேல உள்ளத எல்லாம் பிரிச்சாத்தான் அதுக்கிட்ட போவ முடியும்" என்றார் தாய். குரலில் கோபம் இல்லை என்பது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

பிரிப்பது நெய்வதைவிடக் கடினம். அடித்து நெருக்கிய கோரையில் பாவு நூல் பதிந்த தழும்பு வரிசையாக விழுந்திருக்கிறது. உருவி எடுத்தால் அதை மறுபடி போட முடியாது, புதிய தழும்பு பழைய தழும்போடு பொருந்தாது. உருவும்போது நூறாம் எண் நூல் உராய்ந்து பஞ்சு கிளம்பியது. ஐந்து இழைகள் அறுந்தன. அவற்றுக்கு முடிச்சுப் போட்டு, முடிச்சு கோரைக்கு அடிப்பக்கம் விழும்படி தள்ளி வைத்தார்கள். பிறகு சிவப்புக் கீற்று போதவில்லை. கட்டைச் சாயத்தை இரண்டாம் முறை காய்ச்சியபோது முதல் முறை நிறம் வரவில்லை. கட்டையும் தண்ணீரும் ஊறிய நேரமும் சற்று மாறினால் சாயம் மாறிவிடும். ஆகவே எங்கள் பாயில் பெயர்கள் ஒரு சிவப்பு, தேதி அதைவிட ஒரு மாற்று அழுத்தமான சிவப்பு. வேண்டுமென்றே செய்த அழகு என்று கல்யாணத்தில் பலர் நினைத்தார்கள். நாங்கள் திருத்தவில்லை.

கணக்கு

எட்டு மணி நேர உழைப்பை ஒரு நாள் என்று வைத்து, நோட்டில் இருந்ததைக் கூட்டிப் பார்த்தேன். கோரை கீற 14 நாள், ஊறவைத்தல், உலர்த்தல், பொறுக்குதலுக்கு 5, சாயத்துக்கு 2, பாவு இழுத்து அச்சில் கோக்க 3, நெசவுக்கு 24, தேதியைப் பிரித்து மறுபடி நெய்ய 4, கரை முடித்து, தேய்த்து மெருகேற்ற 2. மொத்தம் 54 நாள். பேசிய தொகை 14,000 ரூபாய். கோரை, நூல், சாயக்கட்டை எல்லாம் 1,700 ரூபாய் போக, மிச்சம் 12,300. ஐம்பத்து நான்கால் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 228 ரூபாய். அதே 2024-25இல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய்.

இந்தக் கணக்கை மகளிடம் காட்டியபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தமக்கு ஒரு நாளைக்கு நானூறு ரூபாய் நிற்கிறது என்றார். எப்படி என்று கேட்டேன். தறியில் ஏறிய நாள்களை மட்டும் அவர் எண்ணியிருந்தார்: 24, 4, 2, ஆக 30. அதற்கு 12,300 என்றால் 410 ரூபாய்தான். கீறலும் பொறுக்கலும் உம்மா சும்மா இருக்கும் நேரத்தில் செய்வது, அதற்கு என்ன கூலி என்பது அவர் எண்ணம். அவர் விலை பேசியது அந்த எண்ணத்தில்தான். வாங்குகிற நாங்களும் அதை நம்பினோம், ஏனென்றால் நாங்கள் வந்து பார்க்கும்போதெல்லாம் தறியைத்தான் பார்த்தோம். புகைப்படம் எடுத்ததும் தறியைத்தான். நெசவுக்குச் செலவான அதே 24 நாள், ஒரு கீற்றுகூடத் தறியில் ஏறுவதற்கு முன்பே திண்ணையில் செலவாகியிருந்தது. இயந்திரத்தில் நெய்த கோரைப்பாயோடும் பிளாஸ்டிக் பாயோடும் விலைக்குப் போட்டி போட முடியவில்லை என்று இத்தொழிலைப் பற்றிப் பொதுவாகச் சொல்வார்கள். பட்டுப்பாய்க்கு அந்தப் போட்டி உண்மையில் கிடையாது. ஊசித் தடிமன் கோரையில் ழகரம் நெய்ய எந்த இயந்திரமும் முன்வரவில்லை. போட்டி இல்லாத பொருளுக்கும் விலை ஏன் ஏறவில்லை என்பதற்கு, இந்த ஒரு வீட்டைப் பொறுத்தவரை, தாயின் உழைப்பு கணக்கிலேயே வராததுதான் காரணம் என்று நினைக்கிறேன். அவருக்கு அடுத்துக் கீறக் கற்றவர் அந்த வீட்டில் இல்லை. மகள் நெய்வார், கட்டம் போடுவார். கோரை கீறினால் தமக்கும் என்னைப்போலவே பக்கவாட்டில் ஓடும் என்று சிரித்தார்.

தேதி மாற்றத்துக்கான நான்கு நாளுக்குத் தனியாகப் பணம் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்து, பிறகு பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டார்கள். அதை மேலே உள்ள கணக்கில் சேர்க்கவில்லை.

பங்குனியில் எங்கள் பக்கத்து வீட்டார் இதேபோல ஒரு பாய் கேட்டுப் போனபோது, நானும் கூடப் போயிருந்தேன். மகள் நோட்டை எடுத்து, கீறல், பொறுக்கல், பாவு, நெசவு என்று தனித்தனியாகச் சொல்லி 18,000 ரூபாய் கேட்டார். கீறலுக்கு எதற்குத் தனிக் கூலி என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். தாய் திண்ணையிலிருந்து ஒரு பச்சைத் தண்டையும் கத்தியையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார். பேரம் 15,500இல் முடிந்தது. கோரை, நூல், சாயக்கட்டைக்கு அதே 1,700 போக, பிரித்து நெய்யும் வேலை இல்லாமல் 50 நாள் என்றால், அது நாளொன்றுக்கு 276 ரூபாய்.